சாம்ராஜின் நடை

சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் சுவர் என்பது பேருக்குத்தான். ஒரு வீட்டில் அப்பளம் நொறுக்கினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் மரியகுழந்தை அக்கா வீட்டுப் பேச்சை நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது. கேட்காமல் இருப்பதற்குத்தான் பாடுபட வேண்டும். அந்தப் பாட்டை நானும் என் மனைவி ஜூடித்தும் ஒருநாளும் பட்டதில்லை.

மாரிகுப்பத்தில் அப்போது ஆடிக் காற்று. எங்கள் ஊர்க் காற்று வெறும் காற்றாக வராது. சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மண், சைனைடு மேடு என்று மலை மலையாக நிற்கிறதே, அதையும் அள்ளிக்கொண்டு வரும். சோற்றில் மண், கொடியில் காயும் துணியில் மண், கண்ணில் மண். அந்தக் காற்றுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் பட்டப்பகலில் கதவைச் சாத்தி, கதவடியில் ஈரச்சாக்கைத் திணித்து, ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டி, உள்ளே லைட் போட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள் பியூலா. மை காய்வதற்குள் தூசி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் போச்சு என்பாள்.

பியூலா, மரியகுழந்தை அக்காவின் ஒரே மகள். கார்ட்டூனிஸ்ட். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது, பெற்றவருக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் பெங்களூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். மாரிகுப்பத்தில் விடியுமுன் கிளம்பும் ரயிலில்தான் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு. நானும் அதில்தான் போகிறவன். பங்காருபேட்டை வந்ததும் கூட்டம் நெரித்துக்கொண்டு ஏறும், 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த நெரிசலில் மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எதிரே இருப்பவர்களை வரைந்துகொண்டே வருவாள். ஒருநாள் வாயைப் பிளந்து தூங்கிய ஓர் ஆளை வரைந்தாள். அவர் கண்விழித்துப் பார்த்துவிட்டார். அடிக்க வருவார் என்று நான் எழுந்துகூட நின்றேன். அவரோ ஒரு கன்னடப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். சிரித்துவிட்டு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே அந்தப் பத்திரிகையில் மூன்றாம் பக்க மூலையில் பியூலாவின் கார்ட்டூன் வந்தது. அப்புறம் இங்கிலீஷ் பத்திரிகை, அப்புறம் இன்டர்நெட்.

ஒருமுறை எங்கள் ஊர்த் தண்ணீர் லாரியை வரைந்தாள். குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆளுயரத்துக்குக் கைகால் முளைத்து. முதல் குடம் பின்னால் இருக்கும் குடத்திடம், 'போன எலக்ஷன்ல இருந்து நிக்கறேன்' என்கிறது. அதற்கு ஒரு உள்ளூர்ப் பிரமுகரின் ஆள் பைக்கில் வந்து வாசலில் நின்று கத்தினான். மரியகுழந்தை அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"வரைஞ்சது எம்பொண்ணுதான். இன்னா இப்போ? தண்ணி வுட்டா தண்ணி வுட்டாங்கன்னு வரைவா. போய் உங்க ஆளாண்ட சொல்லு."

அந்தக் கார்ட்டூனை வெட்டி எங்கள் லைனில் நாலு வீட்டில் ஒட்டி வைத்தோம். என் வீட்டில் இன்னும் இருக்கிறது.

இந்த முறை வரைந்துகொண்டிருந்தது கார்ட்டூன் இல்லை, முழுப் புத்தகம். கதை முழுக்கப் படத்திலேயே போகும் நாவல். பேர், 'சாம்ராஜ் ஷிப்டுக்குப் போகிறார்.' சாம்ராஜ் அவளுடைய நைனா. சுரங்கத்தில் டிரில் போடும் மெஷின் ஆள். அவள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷம் ஆழத்தில் பாறை வெடித்துச் செத்துப்போனார். பெங்களூர்ப் பதிப்பாளர் ஒருவர் புத்தகம் போட ஒப்புக்கொண்டு, இந்தத் திங்கட்கிழமை எல்லாப் பக்கமும் வந்தாக வேண்டும் என்று கெடு வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் கடைசிப் பக்கம் முடிந்தது.

"ஆஸ்டின்! உங் கண்ணாடிய எடுத்துகினு வா. எங் கண்ணாடி எங்க போச்சோ தெர்ல" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டார்.

போனேன். கட்டிலில் பக்கங்கள் பரப்பியிருந்தன. அடுப்பில் கைமா வெந்துகொண்டிருந்தது. என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா ஒவ்வொரு பக்கமாகக் கையில் எடுத்துப் பார்த்தார். தன்னைத் தண்ணீர் வரிசையில் பார்த்ததும் சிரிப்பு.

"இன்னாடி, என் இடுப்ப இம்மாம் அகலமா போட்டு வெச்சிகீற?"

"கம்மி பண்ணித்தாம்மா போட்டேன்."

"அடிங்க! ஆஸ்டின், கேட்டியா இவ பேச்ச?"

இப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அடுத்ததை எடுத்தார். திரும்ப முந்தினதை எடுத்தார். கைமா அடிபிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இது யாரு?"

"நைனாம்மா."

"மூஞ்சி அவுரு மூஞ்சிதான். ஆளு அவுரு இல்ல." அக்காவின் குரல் மாறிவிட்டது. "டீ கிளாஸ மூணு வெரல்ல வாயோரம் புடிக்கறது யாரு? குந்தறதுக்கு முன்ன துண்டால பெடரிய தொடைக்கறது யாரு? எடது தோள தொங்கப் போட்டுகினு நடக்கறது யாரு? நீ சொல்லு ஆஸ்டின்."

கண்ணாடி அவரிடம் இருந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. தலை சாம்ராஜ் அண்ணனுடையது. கழுத்துக்குக் கீழே எல்லாம் கொர்னேலியஸ் அண்ணன்.

கொர்னேலியஸ் எங்கள் லைனில் கோடி வீடு. சாம்ராஜுக்கு ஷிப்ட் கூட்டாளி, உயிர்ச் சிநேகிதர். தங்கை கல்யாணத்துக்குப் பங்காருபேட்டை போக வேண்டும் என்று அவர் கேட்க, அந்த வாரம் அவருக்கு மட்டும் விழுந்த ராத்திரி ஷிப்டில் சாம்ராஜ் இறங்கினார். அந்த ஷிப்டில்தான் பாறை வெடித்தது. ஷிப்ட் மாற்றிக்கொள்வதில் குற்றம் இல்லை, ஊரில் எல்லோரும் செய்வதுதான். அக்காவே அதைக் குற்றமாகச் சொன்னதில்லை. அவருக்கு ஆறாதது வேறு. மறுநாள் காலை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் பெண்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டு கிடந்தபோது, கொர்னேலியஸ் கல்யாண வேட்டியோடு, கையில் கறித்தூக்கோடு வந்து நின்றார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து உடலை இறக்கும் வரைக்கும் அந்தத் தூக்கைக் கீழே வைக்கவில்லை. "எம் புருசன் பொணமா வரான், இந்தாளு கல்யாணக் கறிய தூக்கிகினு வேடிக்க பாக்க வந்தான்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் அக்கா அவரைப்பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள், இவர் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியாமலே வந்துடுச்சிம்மா" என்றாள் பியூலா. முகம் செத்துப்போயிருந்தது. "நம்மகிட்ட இருக்கறது ரெண்டே போட்டோ. ரெண்டுலயும் நைனா வெறச்சிகினு நிக்கறாரு. எனக்கு அவுரு நடக்கணும், சாப்புடணும், கோவப்படணும். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம்னா ஆறு விதமா வேணும். நான் அவுர அப்டிப் பாத்ததே ஞாபகம் இல்லியே. கை தன்னால யாரப் பாத்துச்சோ அவுர போட்டுடுச்சி."

"அந்தாள இம்மாம் கிட்ட நீ எங்க பாத்த?"

பியூலா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சுரங்கம் மூடிய பிறகு கொர்னேலியஸ் அண்ணன் பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார், அதே ரயில்தான். தினமும் முன்னாலேயே ஏறி ஜன்னலோர சீட்டில் தன் துண்டைப் போட்டு வைப்பார். பியூலா வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. ரயிலுக்கே தெரியும், அக்காவுக்கு மட்டும் தெரியாது.

இதை பியூலா சொல்லி முடித்தாள். அக்கா பக்கங்களை அடுக்கினார்.

"பயந்துகினு அந்தாள கதையிலயே சேக்கல நீ. வாசல சாத்தினா ஜன்னல் வழியா வந்து எம் புருசன் ஒடம்புலயே குந்திகினாரு பாரு."

"வேணாம்னு சொல்லும்மா. புக்கே வேணாம். நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அக்கா எழுந்தார். கருகிய கைமாவை எடுத்து வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பியூலா பதிப்பாளரிடம் மாதக் கடைசி வரைக்கும் கெஞ்சி வாங்கினாள். அதற்கும் தவறினால் புத்தகம் அடுத்த வருஷம், அதுவும் நிச்சயம் இல்லை என்று அவர் போன் ஸ்பீக்கரில் கறாராகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. ஜூடித் அன்று சாப்பிடவே இல்லை. எத்தனை வருஷ உழைப்பு! ஒரு நடையால் போகிறதே என்று எனக்கும் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் தொம் தொம் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மரியகுழந்தை அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வீட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று உள்ளே ஓடினேன்.

"நைனா நடந்தது இப்டி. பாத்துகினியா? தோளெல்லாம் தொங்காது. மெடலு குத்தினவன் கணக்கா வருவாரு. குதிகாலு மொதல்ல வுழும்." திரும்பி ஓர் உதை உதைத்தார். "வழியில ஒரு கல்ல வுடமாட்டாரு. ஷாப்டாண்ட ஒரு கல்லுல ஆரம்பிச்சா வூட்டு வாசப்படி வரிக்கும் அதையே ஒதச்சிகினு வருவாரு. பூட்ஸ் முனை தேஞ்சி போவும். கல்லு சத்தம் கேட்டாதான் நான் உலைய எறக்குவேன்."

பியூலா தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை, பேப்பரில் விழாமல் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டாள். தொழில்காரி அப்படித்தான். அக்கா உட்கார்ந்து காட்டினார், குடித்துக் காட்டினார், கோபப்பட்டுக் காட்டினார். வாசலில் எங்கள் லைன் ரத்தினம்மா, அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். யார் பார்த்தாலும் அக்காவுக்குக் கவலை இல்லை. புருஷனைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு அந்த அம்மாள் நடந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

"இப்போ உள்ள எறங்கறது போடணும்" என்றாள் பியூலா. "கீழ பாறைக்குள்ள, லெவல்ல அவுரு எப்டிம்மா நடப்பாரு?"

அக்கா நின்றார். செருகிய புடவை கொசுவம் அவிழ்ந்து விழுந்தது.

"எனுக்கு இன்னாடி தெரியும்? நான் இன்னா, கேஜ்ல எறங்கிப் பாத்தனா?"

ஜன்னல் போர்வை படபடத்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஆஸ்டின். கோடி வூட்டு ஆள வரச்சொல்லு."

நான் போய்ச் சொன்னதும் கொர்னேலியஸ் அண்ணன் கேள்வியே கேட்கவில்லை. முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார், நான்தான் சரிபண்ணிவிட்டேன். வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"வந்த ஆள குந்தச் சொல்லு ஆஸ்டின்" என்றார் அக்கா, சுவரைப் பார்த்து.

அவர் துண்டால் பிடரியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பியூலாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, நைனா லெவல்ல எப்டி நடப்பாரு? வரையறதுக்கு வேணும்."

கொர்னேலியஸ் அண்ணன் எழுந்தார். முழங்காலை மடித்து, தலையைத் தாழ்த்தி, ஒரு கையை மேலே கூரை தடவுகிற மாதிரி வைத்துக்கொண்டு மெல்ல அடி எடுத்து வைத்தார். சத்தமே இல்லை.

"உள்ள அவன் வேற ஆளும்மா. பூனையாட்டம் நடப்பான். பாறைக்கும் காது இருக்குதுடா கொர்னேலி, சத்தம் போடாதன்னுவான்."

"பொய்யி!" அக்கா சுவரை விட்டுத் திரும்பினார். "அவுரா சத்தம் போடாம நடந்தாரு? ஊருக்கே கேக்கும் கல்லு ஒதைக்கறது."

"அது மேல வந்தப்பறம், தங்கச்சி. உள்ள ஒரு கல்ல ஒதச்சதில்ல அவன். கேஜ் மேல வந்து கதவ தொறந்ததும் மொத வேலையா கீழ பாப்பான், ஒரு கல்லு தேடுவான். தோ இன்னிக்கும் வந்துட்டேன்னு சொல்லி ஒரு ஒதை வுடுவான். அங்கேந்துதான் வூட்டுக்கு ஒதச்சிகினு வருவான்."

அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அக்காவுக்கு அந்தக் கல் எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியப்பா," பியூலா பென்சிலைக் கீழே வைத்தாள். "உங்கள நான் கதையில சேக்கல. இப்போ சேக்கணும். ஷிப்ட் மாத்தினதும் வரும்."

"போடும்மா. எம்பேரு போட்டே போடு. கேட்டது நான்தான்."

"கேட்டப்போ நைனா இன்னா சொன்னாரு?"

கொர்னேலியஸ் அண்ணன் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

"சிரிச்சான். போடா, நான் பாத்துக்கறேன், கல்யாணத்துல நல்ல கறியா பாத்து எனக்கு எடுத்து வெச்சிடு, இல்லனா மவனே அடுத்த ஷிப்டு கெடையாதுன்னான். பந்தியில மொதல்ல அவனுக்குத்தான் தூக்குல எடுத்து வெச்சேன். காலையில மொத ரயிலு புடிச்சி, ஷிப்ட் முடிச்சி வருவான், சூடா குடுக்கலாம்னு நேரா ஷாப்டுக்கு வந்தேன். வந்தா..." துண்டை முறுக்கினார். "கீழ வெச்சா அவன் வரமாட்டான்னு ஒரு கிறுக்கு. அதான் வெக்கல தங்கச்சி. அவன எறக்கற வரிக்கும் வெக்கல."

அடுத்த வீட்டில் ஜூடித் மூக்கைச் சிந்தியது இங்கே கேட்டது.

அக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் டீ. நேரே அவர் முன்னால் போய் நீட்டினார்.

"குடிண்ணா."

கொர்னேலியஸ் அண்ணன் கிளாஸின் விளிம்பை மூன்று விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார். அக்கா மகளிடம் திரும்பினார்.

"அந்தத் தூக்கையும் போடுடி. பெருசா போடு. ஒரு பக்கம் முழுக்க போடு."

அதற்கப்புறம் மாதக் கடைசி வரைக்கும் அந்த வீட்டில் ஒரே ரகளை. சாம்ராஜ் எப்படிச் சிரிப்பார் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. அக்கா சத்தமில்லாத சிரிப்பு என்பார், அண்ணன் கூரை இடிகிற சிரிப்பு என்பார். "வூட்ல கொழந்த தூங்கிகினு இருந்துச்சி, அதான் உனக்கு சத்தம் இல்லாம சிரிச்சிகீறான்" என்று அண்ணன் சொன்னதும்தான் தீர்ப்பானது. பியூலா இரண்டு சிரிப்பையும் போட்டாள். ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் அவளுக்கு ஊட்டிவிட்டார்கள், கை பேப்பரை விட்டு வரவில்லை. சாக்கு நனைப்பது ஜூடித் வேலை, காய்ந்த பக்கங்களை அடுக்குவது என் வேலை. மொத்த சாம்ராஜையும் திரும்ப வரைந்து, சொன்ன நாளில் அனுப்பிவிட்டாள்.

டிசம்பரில் காற்று அடங்கி, பனி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கட்டு வந்தது. பெங்களூர்ப் பத்திரிகைகளில் அதற்குள் பாராட்டி எழுதிவிட்டார்கள். பியூலாவைப் பேச டெல்லிக்கு வேறு கூப்பிட்டிருந்தார்கள். அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார். கேஜ் கதவு திறந்து சாம்ராஜ் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கல்லைத் தேடிக் குனிந்து பார்க்கும் பக்கத்தில் வந்து, விரலால் ஒருதரம் தடவினார்.

"இவுருதான்" என்றார். "எம்பொண்ணு இட்டாந்துட்டா."

அப்புறம் குக்கரைத் திறந்து, இருந்ததிலேயே நல்ல கறியாகப் பார்த்துத் தூக்கில் எடுத்துப் போட்டார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் புத்தகம். லைன் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு, குதிகால் முதலில் விழ, கோடி வீட்டுக்கு நடந்தார்.

கொர்னேலியஸ் அண்ணன் வாசலில் எழுந்து நின்றார்.

"இன்னா தங்கச்சி இது?"

"அன்னிக்கி நீ எடுத்தாந்தத நான் வாங்கல. இன்னிக்கி நான் எடுத்தாந்தத நீ வாங்கு."

அவர் இரண்டு கையையும் நீட்டித் தூக்கை வாங்கிக்கொண்டார். புத்தகத்துக்கும் கை நீட்டினார்.

"அது எனுது. உனக்கு எம்பொண்ணு கையெழுத்து போட்டு தனியா வெச்சிகீறா, வந்து வாங்கிக்க."

திரும்பி வரும்போது வழியில் ஒரு கல் கிடந்தது. மரியகுழந்தை அக்கா நின்று அதைப் பார்த்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் உதை விட்டார். அது உருண்டு நின்ற இடத்தில் மறுபடியும் ஓர் உதை. அப்படியே வீட்டு வாசப்படி வரைக்கும் அந்தக் கல்லை உதைத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே பியூலா உலையை இறக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.